ரத்தம் ஊறும் பழம்

சப்பாத்திக் கள்ளியில் பழம் பறிக்கிறவளுக்குப் பெரிய முள்ளால் தொல்லை இல்லை. அது கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். பழத்தின் மேல் கொத்துக் கொத்தாகப் பூனை முடி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் சனியன். ஏறும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து உப்பைத் தொட்டால் பத்து விரலும் பற்றி எரியும். அந்த வைகாசி மாதம் முழுக்க என் கை அப்படித்தான் இருந்தது. பாறைச் சரிவில் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலுக்கு இடமில்லாமல், மூங்கில் குச்சிகளால் பழத்தை இடுக்கித் திருகி, எருக்கிலை பரப்பிய கூடையில் போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரை வாய் ஓயாமல் வைதேன். அவர் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் வைதிருப்பேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஐப்பசியில் வந்த முறைக்காய்ச்சல் இரண்டு மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரை உதறி எடுத்தது. காய்ச்சல் போனது, போகும்போது உடம்பிலிருந்த ரத்தத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. நாலு வாளி தண்ணீர் இறைத்தால் உட்கார்ந்துவிடுவார். எங்கள் மேலப்பொட்டல் கண்மாய் நிறைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கண்மாய்க்குக் கீழே எங்களுக்கு இருந்த இரண்டு துண்டு வயலில் நெருஞ்சிதான் விளைந்தது. அந்த நேரத்தில்தான் என் தாய்மாமன் அய்யாக்கண்ணு வந்து சேர்ந்தார். அவர் ரயில் ரோட்டில் கேங் மேஸ்திரி. புதுக்கோட்டைப் பக்கம் லைன் பார்க்க ஆறு பேர் எடுக்கிறார்கள், நிரந்தர வேலை, குடியிருக்க ஒரு அறை, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம் என்று சொன்னார். அவர் செம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நான் என் இரண்டு பெண் பிள்ளைகளின் துணிமணியை மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டேன்.

சித்திரைக் கடைசியில் முதல் பரிசோதனை. கண் பார்வை சரி, நெஞ்சளவு சரி. கடைசியாக டாக்டர் இவருடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, நீ எப்படித் தண்டவாளம் தூக்குவாய் என்று கேட்டாராம். ஏதோ நல்ல மனசு, ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஒரு மாதம் தவணை கொடுத்தார். உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால் பார்க்கலாம், அன்றைக்கே லிஸ்ட்டை மூடிவிடுவோம் என்றார். அதற்கப்புறம் எப்போது ஆள் எடுத்தாலும் இவருக்குப் பிரயோஜனம் இல்லை. வயது வரம்பு இருபத்தைந்து. மணியக்காரர் எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட்படி ஆவணியில் இவருக்கு அது தாண்டிவிடும். ஆக, எங்கள் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு மாதத்துக்குள் இருந்தது.

எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் ஐந்து யோசனை சொல்வார்கள். இந்த விஷயத்தில் மட்டும் ஆச்சரியமாக எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "கள்ளிப் பழம் குடுடி. ரத்தம் அதுபாட்டுக்கு ஊறும்" என்றார் என் மாமியார் அழகம்மாள். பிள்ளை பெற்று வெளுத்துப்போனவளுக்கு அதுதான், கோடையில் நாக்கு வறண்டவனுக்கு அதுதான், நாள்பட்ட இருமலுக்கும் அதைத்தான் சுட்டுச் சாறு பிழிந்து கொடுப்பார்கள். பழம் சிவப்பு, சாறு சிவப்பு, தின்ற நாக்கும் உதடும் மூன்று நாளைக்குச் சிவப்பு. அவ்வளவு சிவப்பும் உள்ளே போய்ச் சும்மாவா இருக்கும் என்பதுதான் எங்கள் வைத்திய சாஸ்திரம்.

எல்லாம் சரி, பழம் எங்கே? நான் சிறுமியாக இருந்தபோது ஊருக்கு வேலியே கள்ளிதான். வயலுக்குள்ளும் பாதையிலும் அது ஏறி ஏறி வந்து மனுஷன் நடக்க இடமில்லாமல் பண்ணியது. பிறகு சர்க்காரே ஏதோ ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டது. மடலெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். நசுக்கினால் கை சிவந்துவிடும். எனக்குக் கல்யாணம் ஆவதற்குள் கள்ளி முழுவதும் அழுகி விழுந்து மண்ணாகிவிட்டது. நிலம் மிஞ்சியது என்று எல்லோரும் பொங்கல் வைத்தார்கள். நானும்தான் அந்தப் பொங்கலைத் தின்றேன். இப்போது ஒரு பழத்துக்காக விராலிமலை ரோடு வரைக்கும் நாய் மாதிரி அலைந்தேன். கடைசியில் ஊருக்கு வடக்கே, ஆடும் ஏறாத ஒரு பாறை இடுக்கில் நாலைந்து புதர் தப்பிப் பிழைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் நாளே அதிலும் வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. தேய்ந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் மடல் மடலாகத் தேய்த்தேன். அப்போது சீமையில் சண்டை ஆரம்பித்திருந்தது. இங்கே பாறை மேல் சர்க்கார் பூச்சிக்கும் எனக்கும் ஒரு மாதம் சண்டை நடந்தது.

பறிப்பது பாதி வேலைதான். பழத்தைத் தணலில் புரட்டி முடியைப் பொசுக்க வேண்டும். பிறகு பிளந்து, பூ உதிர்ந்த குழிக்குள் நட்சத்திரம் மாதிரி ஒரு முள் ஒளிந்திருக்கும், அதை எடுக்க வேண்டும். எடுக்காமல் விழுங்கினால் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் செய்து கொண்டுபோய் நீட்டினால் என் வீட்டுக்காரர் மூஞ்சியைச் சுளிப்பார். "வெதை பல்லுக்குள்ள மாட்டுது புள்ள" என்பார். "மாட்டட்டும். ரயிலு வேலை கெடைச்சதும் ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம், முழுங்குங்க" என்பேன். காலையில் ஏழு, மாலையில் ஏழு. கூடவே முருங்கைக் கீரையும் கேழ்வரகுக் களியும். விடிந்ததும் முதல் வேலையாக அவரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, டாக்டர் செய்த மாதிரியே கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பதினைந்தாம் நாள் ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு. இருபத்தைந்தாம் நாள் என் கண்ணைவிட அவர் கண் சிவப்பாக இருந்தது. விறகு பிளந்து போட்டார், மூச்சு வாங்கவில்லை. நான் மட்டும் ஒரு பழம்கூட வாயில் வைக்கவில்லை. இருந்ததே அவருக்குத்தான் போதும்.

பரிசோதனை நாளன்று நானும் கூடப் போனேன். தனியாக அனுப்பினால் இந்த மனுஷன் வரிசையில் எல்லோருக்கும் வழி விட்டுக்கொண்டே நிற்பார். இலுப்பூர் வரை வண்டி, அங்கிருந்து பஸ். ஓலைக் கொட்டானில், முடி பொசுக்கிய முப்பது பழம் எடுத்துக்கொண்டேன். இவருக்குப் போக மீதி, மேஸ்திரி மாமா வீட்டுக்கு. புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, "கடைசித் தெம்புக்கு இருக்கட்டும்" என்று பன்னிரண்டு பழத்தை அவர் வாயில் திணித்தேன். என் கையால்தான் திணித்தேன். அதை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஸ்டேஷனை ஒட்டி ஓட்டுக் கட்டடம் ஒன்றில் டாக்டர் இருந்தார். நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். ஜன்னல் வழியாக உள்ளே பேசுவது கேட்டது. இமையை இழுத்துப் பார்த்த டாக்டர், "பேஷ், நல்லாத் தேறிட்டியே!" என்றார். எனக்கு அங்கேயே குலவை போட வேண்டும் போல இருந்தது. பின்பக்கம் போய் இரும்புத் துண்டைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி காட்டி நிறம் கேட்டார்கள், சொன்னார். அப்புறம் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கொடுத்து மறைவுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் வெளியே வந்து, எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தார். குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஆகலை."

"அதான், ஏன் ஆகலை?"

அவர் பின்னாலேயே ஒரு கம்பவுண்டர் வந்தார். மரியசெல்வம் என்று பேர், திருச்சிக்காரர், சாதுவான மனுஷர். "ஏம்மா, இப்படி நோயை மறைச்சுக் கூட்டிட்டு வரலாமா? மூத்திரத்துல ரத்தமாப் போகுது. குண்டிக்காய்க் கோளாறு. வேலையை விடு, மொதல்ல வைத்தியம் பாரும்மா" என்றார்.

ஒரு நொடி நானும் நம்பிவிட்டேன். அடுத்த நொடி புரிந்தது. கள்ளிப் பழம் தின்றால் மூத்திரம் சிவப்பாகத்தான் போகும். எங்கள் ஊரில் தவழுகிற குழந்தைக்குத் தெரியும். ஆடு மேய்க்கிற பயல்கள் பழத்தைத் தின்றுவிட்டு யாருடையது அதிகச் சிவப்பு என்று பாறையில் வரிசையாக நின்று பந்தயம் வைப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே அதைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமியாருக்குத் தோன்றவில்லை. டாக்டர் பரிசோதனை எப்படி இருக்கும் என்று விலாவாரியாகச் சொன்ன மேஸ்திரி மாமாவுக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு பழத்தைத் திணித்த எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க சொல்ல வேண்டியதுதானே, பழம் தின்னேன்னு?" என்று இவரைக் கேட்டேன்.

"அவரு கேக்கலை" என்றார்.

கேட்கவில்லையாம்! தலையில் அடித்துக்கொண்டு கட்டடத்துக்கு ஓடினேன். வாசலில் ஒரு பியூன். யாரும்மா நீ, யாரைப் பற்றி, உன் புருஷன் பேரென்ன என்றான். நான் எப்படிப் பேரைச் சொல்வேன்? "பெருமாள் கோயிலுங்க, ஏழு மலை மேல" என்றேன். "ஏழுமலையா? அப்படி ஒருத்தரும் லிஸ்ட்டுல இல்லையே" என்று காகிதத்தைப் புரட்டினான். "ஏழுமலை இல்லைங்க, அந்த ஊரு" என்று நான் சொல்லி, அவன் யோசித்து, கடைசியில் "திருப்பதியா?" என்று கேட்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டர் மெட்ராஸ்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பழம் சாப்பிட்டா சிவப்பா போகுமா? அப்போ மாம்பழம் சாப்பிட்டா மஞ்சளா போகுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சளாகத்தானே போகிறது என்று என் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். மேஸ்திரி மாமா ஓரத்தில் கை கட்டி நின்றார். சின்ன வயதில் கள்ளிப் பழம் தின்றே வளர்ந்த மனுஷர்.

"மாமா, நீங்க சொல்லுங்க மாமா. நீங்க திங்காததா?"

மாமா டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "அதெல்லாம் ரொம்ப நாளாச்சு ஆத்தா. சரியா ஞாபகம் இல்லை" என்றார். அக்கா மகள் பிழைப்பைவிட அவருக்குத் தன் தலைப்பாகை பெரிதாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"அப்படின்னா நானே தின்னு காட்டுறேங்கய்யா" என்றேன். "நான் ஒரு மாசமா ஒரு பழம் வாயில வைக்கலை. இப்ப ஒங்க கண்ணு முன்னாடி திங்கிறேன். எனக்கும் செவப்பாப் போனா அது நோயில்லைன்னு ஒத்துக்குவீங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பொம்பிளை இப்படிப் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு மணி ரயிலுக்கு நான் போயிடுவேன்மா. லிஸ்ட்டும் என்கூட வந்துடும்" என்று மட்டும் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அப்போது மணி பதினொன்று.

மரத்தடியில் உட்கார்ந்து கொட்டானைத் திறந்தேன். மேஸ்திரி மாமா வீட்டுக்கென்று வைத்த பதினெட்டுப் பழம் இருந்தது. கொண்டை ஊசியால் முள்ளை நெம்பி நெம்பி எடுத்துப் பதினெட்டையும் தின்றேன். ஒரு மாதமாகத் தொட்டுத் தொட்டுக் கை எரிந்ததுதான் மிச்சம், இன்றைக்குத்தான் ருசி தெரிந்தது. இனிப்பாகத்தான் இருந்தது, அந்தப் பாழாய்ப்போன பழம். மரியசெல்வம் ஒரு கிளாஸை ஒளித்துக் கொண்டுவந்து என் கொட்டானுக்குள் வைத்தார். "நெசமாத்தான் சொல்றியாம்மா? அவரு மூத்திரத்தை நான் ஸ்பிரிட் விளக்குல காய்ச்சிப் பாத்தேன். ரத்தமா இருந்தா திரியணும், திரியலை. டாக்டர்கிட்ட சொன்னேன், கண்ணுக்குத் தெரியுறதை எதுக்குய்யா காய்ச்சுறேன்னு கேட்டார்" என்றார். பிறகு, பழங்களில் விட்டமின் என்று ஒன்று இருப்பதாக இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள், சிலதில் ரத்தம் ஊறுவதற்கான சத்தும் உண்டு, இந்தப் பழத்தை யாராவது சோதித்திருக்கிறார்களா தெரியவில்லை என்று ஏதேதோ சொன்னார். "ஒங்க டாக்டரையே சோதிக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார்.

ஸ்டேஷன் குழாயில் போய்ப் போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு மணிக்குச் சுவருக்குப் பின்னால் போனேன். பச்சைத் தண்ணீர் மாதிரி வந்தது, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. கொட்டிவிட்டு வந்தேன். இரண்டரைக்கு இன்னொரு தரம். லேசாக ஏதோ தெரிந்தது, வெயிலா நிறமா என்று எனக்கே சந்தேகம். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் சிரிப்பார்கள் என்று அதையும் கொட்டினேன். அதற்கப்புறம் எவ்வளவு குடித்தாலும் வரவில்லை. வேண்டும்போது வராது என்பது அதற்கும் உண்டு போலிருக்கிறது. உள்ளே ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு போனார்கள். மேஸ்திரி மாமா என் பக்கம் திரும்பாமலே வேலியோரமாக நழுவினார். மூன்றரைக்கு டாக்டரின் பெட்டியைப் பியூன் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனான்.

என் வீட்டுக்காரர் காகிதத்தை மடித்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "போதும் செவந்தி. வா, போவோம். நாலு பேரு பாக்க நீ கிளாஸைத் தூக்கிக்கிட்டு நிக்கிறதுக்கு, நான் அந்தப் பொட்டலையே உழுதுட்டுச் சாவேன்."

"ஒங்களது நாலு பேரு பாத்தாகள்ல? பாத்துட்டு நோயாளின்னு எழுதுனாகள்ல? என்னதையும் பாக்கட்டும்" என்றேன். ஒரு மாதம் முள்ளில் கிடந்த விரல்களைப் பார்த்தேன். "நான் ஒங்களுக்கு நல்லதுதாங்க செஞ்சேன்" என்றேன். அவர் எழுந்து போய், ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

ரயில் வந்துவிட்டது. கூவிக்கொண்டு அது உள்ளே நுழைந்த அந்தச் சத்தத்தில்தான் எனக்கு வந்தது. கரிக் குவியலுக்குப் பின்னால் ஓடினேன். எழுந்து கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தேன். சிவப்பு. வெற்றிலை மென்றவன் துப்பிய மாதிரி நல்ல கெட்டிச் சிவப்பு. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முந்தானையால் மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கம்பி வேலிச் சந்து வழியாகப் பிளாட்பாரத்தில் ஏறினேன். "ஏய், ஏய்" என்று யாரோ கத்தினார்கள். ஜனங்கள் தாமாகவே விலகினார்கள்.

டாக்டர் மேல் வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரை விரித்திருந்தார். கார்டு விசிலை ஊதினான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. எனக்குக் கத்த மூச்சு இல்லை. அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்தக் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை. "அய்யா! அய்யா, இங்க பாருங்கய்யா! என் பொண்டாட்டியும் நோயாளியாய்யா?" என்று கத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டி ஓடி, டாக்டரின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பெட்டி வாசலில் மரியசெல்வம் பாதி உடம்பை வெளியே விட்டு எதையோ சொல்லிக் கையை ஆட்டினார். பேப்பர் கீழே இறங்கியது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அவர் கை நீண்டது. போ என்கிறாரா, கொடு என்கிறாரா, தெரியவில்லை. வண்டி வேகம் எடுத்தது. நான் கிளாஸிலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் அந்தக் கையைப் பார்த்து ஓடினேன்.